காப்பாளர் கையெழுத்தில் வேட்டை உத்தரவு: ‘வார்டன்’ என்ற சொல் வந்த வழி

2021 அக்டோபர் 1-ஆம் தேதி. மசினகுடி, கூடலூர் பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியை வேட்டையாட அனுமதித்து ஓர் உத்தரவு வெளியானது. அதைப் பிறப்பித்தவர் வேட்டைக்காரர் அல்ல, காவல்துறையும் அல்ல. தமிழ்நாட்டின் முதன்மை வன உயிரினக் காப்பாளர். ஆங்கிலத்தில் அந்தப் பதவிக்குப் பெயர் ‘சீஃப் ஒயில்டுலைஃப் வார்டன்’.

செய்தியைப் படிக்கும் எவருக்கும் ஒரு நெருடல் வரும். காப்பாளர் என்று பெயர், போடுவதோ வேட்டை உத்தரவு. இது என்ன கணக்கு?

இதே சொல் நமக்கு வேறு இடங்களிலும் பழக்கம். ஹாஸ்டலில் இரவு எட்டு மணிக்கு வருகைப் பதிவேட்டோடு வருபவர் வார்டன். சிறை பற்றிய செய்தியில் கைதியின் அறைக்கு வெளியே நிற்பவர் வார்டன். பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனியில் தீ ஒத்திகை நடக்கும் நாளில், பளபளக்கும் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ‘லிஃப்ட் வேண்டாம், படியில இறங்குங்க’ என்று விரட்டுபவர் ஃபயர் வார்டன். ஆக்ஸ்ஃபோர்டில் சில கல்லூரிகளின் தலைவரே வார்டன்தான். ஒரே சொல் இத்தனை பேருக்கு எப்படிப் பொருந்துகிறது என்று புரிந்தால், புலி விவகாரமும் புரிந்துவிடும்.

அடிப்படை: காப்பதற்கு முன்னால் பார்ப்பது

‘வார்டன்’ ஆங்கிலத்துக்குள் வந்தது சுமார் 1200-ஐ ஒட்டி, நார்மன் பிரெஞ்சு வழியாக. அங்கே அதன் வடிவம் ‘வார்டேன்’. பிரெஞ்சுக்கு அது சொந்தச் சொல் இல்லை. இன்றைய பிரான்ஸை ஆள வந்த ஃபிராங்குகள் பேசிய ஜெர்மானிய மொழியிலிருந்து போனது. அந்த ஜெர்மானிய வேருக்கு அடிப்படைப் பொருள் ‘கவனித்துப் பார்த்திரு’ என்பது. ‘எச்சரிக்கையாக இரு’ என்று பொருள்படும் ‘பிவேர்’ (நாய் ஜாக்கிரதை பலகையில் இருப்பது), ‘அறிந்திருத்தல்’ என்ற ‘அவேர்’ இரண்டும் இதே கிளையில் முளைத்தவை.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வேரில் இருப்பது ‘பார்’ மட்டும்தான். யாருடைய நன்மைக்காகப் பார்ப்பது என்று வேர் சொல்லவில்லை. குழந்தை விழுந்துவிடாமல் பார்ப்பதும் பார்வைதான், கைதி ஓடிவிடாமல் பார்ப்பதும் பார்வைதான். இந்தச் சொல்லின் பிற்காலக் குழப்பம் முழுவதும் இங்கிருந்தே தொடங்குகிறது.

ஒரே சொல், இரண்டு வாசல்: வார்டனும் கார்டியனும்

வார்டனும் கார்டியனும் வேறு வேறு சொற்கள் என்றுதான் நினைப்போம். உண்மையில் அவை ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள். நடந்தது இதுதான்:

1. ஃபிராங்குகளின் சொற்களில் முதலெழுத்தாக ‘டபிள்யூ’ ஒலி நிறைய உண்டு. லத்தீன் வழிப் பேச்சுக்குப் பழகிய நாக்குகளுக்கு அது வசப்படவில்லை. முன்னால் ஒரு ‘க’ சேர்த்து ‘க்வ’ என்றார்கள். காலப்போக்கில் ‘வ’ தேய்ந்து வெறும் ‘க’ நின்றது. பாரீஸ் பக்கத்து பிரெஞ்சு இப்படிப் போயிற்று.

2. வடக்கே நார்மண்டி, பிகார்டி பகுதிகளில் மட்டும் பழைய ‘வ’ அப்படியே இருந்தது.

3. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் நார்மன்கள். அவர்களோடு ‘வ’ வடிவம் கடல் தாண்டியது. ‘வார்டன்’ வந்தது.

4. அப்புறம் பாரீஸ் பிரெஞ்சின் செல்வாக்கு ஓங்கியபோது அதே சொல் ‘க’ வேடத்தில் மறுபடி வந்து இறங்கியது. ‘கார்டியன்’ வந்தது.

ஏற்கெனவே வீட்டில் இருந்தவரைத் துரத்தாமல், புதிதாக வந்தவருக்கும் ஆங்கிலம் ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தது. இப்படிப் பிரிந்த இரட்டையர்கள் இன்னும் இருக்கிறார்கள். வார்டும், காவலரைக் குறிக்கும் ‘கார்டு’ம் ஒரு ஜோடி. பரிசு என்ற பொருளில் வரும் ‘ரிவார்டு’, மதிப்பு என்ற பொருளில் வரும் ‘ரிகார்டு’ இன்னொரு ஜோடி. ஆங்கிலேயர் வில்லியம் என்று கூப்பிடும் மன்னனை பிரெஞ்சுக்காரர் கியோம் என்பதும் இந்த வ–க பிளவால்தான். டி.வி. வாங்கப் போன கடையில் ‘இது கேரண்டியா, வாரண்டியா?’ என்று கேட்கிறோமே, அந்த ஜோடியும் இதே வழியில் பிரிந்தது. அவற்றின் வேர் வேறு, பிரித்த கத்தி ஒன்று. பழைய ஐரோப்பிய நாக்கின் தடுமாற்றத்துக்கு இன்று நம் ஊரில் இரண்டு விதமான பில்.

வார்டு, அவார்டு, லார்டு

நார்மன்கள் வருவதற்கு முன்பே, அதே ஜெர்மானிய வேரிலிருந்து பழைய ஆங்கிலத்திலும் ஒரு சொல் இருந்தது: ‘வியார்டு’. காவலன், காவல் இரண்டுக்கும் அதுதான். அதன் பிள்ளைகளில் சிலரை அடையாளமே தெரியாது.

‘லார்டு’ என்பது முதலில் ‘லாஃப்வியார்டு’, அதாவது ரொட்டியைக் காப்பவன். பிரபு, கடவுள் என்றெல்லாம் உயர்ந்த சொல் சமையலறைப் பக்கமிருந்துதான் கிளம்பியது. ‘ஸ்டீவர்ட்’ பழைய ‘ஸ்டிக்வியார்டு’: வீட்டைப் பார்த்துக்கொள்பவன். ஸ்காட்லாந்தில் மன்னருக்குப் பரம்பரை ஸ்டீவர்டாக இருந்த குடும்பம், 1371-இல் இரண்டாம் ராபர்ட் வழியாக அரியணையே ஏறிவிட்டது. ஸ்டூவர்ட் வம்சம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தது அவர்களைத்தான். தமிழ் விவிலியத்தில் லூக்கா 16-ஆம் அதிகாரத்து ஸ்டீவர்டுக்கு ‘உக்கிராணக்காரன்’ என்று போட்டிருக்கிறார்கள். உக்கிராணம் என்றால் சாமான் அறை. அதன் சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ அவர்தான் வீட்டைப் பார்ப்பவர். இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு கிடைக்குமா, சந்தேகம்தான்.

‘வார்டு’ இன்னும் சுவாரசியம். முதலில் காவல் என்று பொருள். பிறகு ஒரு காவல் பிரிவுக்கு உட்பட்ட நகரப் பகுதி. லண்டன் நகரம் இப்படிப் பல வார்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் இரவுக் காவலைத் தானே ஏற்பாடு செய்தது. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகள் அந்தப் பெயரைத்தான் சுமக்கின்றன, காவல் மட்டும் கழன்றுவிட்டது. மருத்துவமனை வார்டும் கண்காணிப்பில் வைக்கப்பட்ட ஒரு பகுதியே. கடைசியில், காக்கப்படும் ஆளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தில் ‘வார்டு’ என்றால் கார்டியன் உள்ள மைனர். காப்பவர், காக்கும் இடம், காக்கப்படும் பிள்ளை மூன்றுக்கும் ஒரே குடும்பப் பெயர்.

சென்னை மாகாணத்தில் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்ற ஏற்பாடு இருந்தது. ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால், அவனையும் ஜமீனையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி அப்படி வளர்ந்தவர். 1889-இல்தான் ஜமீன் அவர் கைக்கு வந்தது.

‘அவார்டு’ விஷயத்தில் நம் செய்திகளே தடுக்கி விழுவதுண்டு. நன்றாகப் பார்த்து, ஆராய்ந்து முடிவு சொல்வது என்பதே அதன் முதல் பொருள். பரிசு என்பது பின்னால் வந்தது. 1932-இல் பிரிட்டிஷ் அரசு அறிவித்த ‘கம்யூனல் அவார்டு’ விருது இல்லை, தீர்ப்பு. 2007 பிப்ரவரி 5-இல் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்று சொன்னதும் ஆங்கிலத்தில் ‘ஃபைனல் அவார்டு’தான்.

யாரை, யாரிடமிருந்து?

இனி வார்டனுக்குத் திரும்பலாம். இந்தப் பதவிகளைப் பட்டியல் போட்டால் குழப்பம்தான் கூடும். பார்வை எந்தத் திசையில் போகிறது என்று பிரித்தால் மூன்றே வகை.

1. வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பார்ப்பவர். இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையில் இருந்த ‘மார்ச்’ (எல்லைப் பகுதி) வார்டன்கள், தென்கிழக்குக் கரையில் டோவர் உள்ளிட்ட ஐந்து துறைமுகங்களுக்கான லார்டு வார்டன், இரண்டாம் உலகப் போரில் ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் கசியாமல் பார்த்த விமானத் தாக்குதல் வார்டன்கள். லார்டு வார்டன் பின்னாளில் வெறும் கௌரவப் பதவியாகிவிட்டது. வாட்டர்லூ வென்ற வெல்லிங்டன் பிரபு அதில் இருந்தபடிதான் 1852-இல் இறந்தார்.

2. உள்ளே இருப்பவர் வெளியே போகாமல் பார்ப்பவர். சிறை வார்டன்.

3. ஒப்படைக்கப்பட்டதைச் சேதாரமில்லாமல் பார்ப்பவர். கல்லூரி, தேவாலயம், காடு. ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி 1264-இல் தொடங்கியபோதே அதன் தலைவருக்கு லத்தீனில் ‘குஸ்தோஸ்’ என்று பெயர். ஆங்கிலத்தில் அது வார்டன் ஆயிற்று. அவர் மாணவர்களைப் பூட்டி வைப்பவரல்ல, கல்லூரியின் சொத்துக்கும் நடப்புக்கும் பொறுப்பாளர்.

ஹாஸ்டல் வார்டன் எந்த வகை? மூன்றும். அதனால்தான் அந்த வேலை யாருக்கும் நல்ல பெயர் வாங்கித் தருவதில்லை.

5,000 பவுண்டுக்கு விலைபோன வார்டன் வேலை

இரண்டாம் வகை எவ்வளவு தூரம் கெட்டுப்போகும் என்பதற்கு லண்டன் ஃப்ளீட் சிறை சாட்சி. கடன் கட்ட முடியாதவர்களை அடைத்த இடம் அது. அதன் தலைவருக்கு ‘வார்டன் ஆஃப் தி ஃப்ளீட்’ என்று பட்டம். பல நூற்றாண்டுகள் அது ஒரே குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. பிறகு வாங்கி விற்கும் சரக்கு. 1728-இல் ஜான் ஹக்கின்ஸ் என்பவரிடமிருந்து தாமஸ் பாம்பிரிட்ஜும் அவருடைய கூட்டாளியும் 5,000 பவுண்டு கொடுத்து அந்தப் பதவியை வாங்கினார்கள்.

போட்ட காசை எடுக்க வேண்டாமா? கைதிகளிடம்தான் எடுத்தாக வேண்டும். உள்ளே நுழையக் கட்டணம், அறைக்குக் கட்டணம், சற்று வசதியான இடத்துக்குக் கூடுதல் கட்டணம். கடனால் உள்ளே வந்தவரிடம் கட்டணம் கேட்கும் ஏற்பாடு இது. ராபர்ட் காஸ்டெல் என்ற கட்டடக் கலைஞரால் கேட்ட தொகையைக் கொடுக்க முடியவில்லை. பெரியம்மை பரவியிருந்த ஒரு காவல் வீட்டில் அவரைப் போட்டார்கள். அம்மை கண்டு அங்கேயே இறந்தார்.

காஸ்டெலின் நண்பர் ஜேம்ஸ் ஓகல்தார்ப் நாடாளுமன்ற உறுப்பினர். 1729-இல் அவர் தலைமையில் விசாரணைக் குழு சிறைக்குள் போனது, உள்ளே நடந்தது வெளியே வந்தது. பாம்பிரிட்ஜின் பதவியைப் பறிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. கொலை வழக்கில் மட்டும் அவர் தப்பித்துக்கொண்டார். அத்தனை காலமும் அவருடைய பதவிப் பெயர் காப்பாளர்தான். பெயரில் பொய் இல்லை. தன் முதலீட்டை அவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

நம் ஊர் ‘ஜெயில் வார்டன்’ யார்?

இங்கே ஒரு பொருள் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வார்டன் என்றால் சிறையின் தலைமை அதிகாரி. பிரிட்டனில் அந்தத் தலைவருக்குப் பெயர் கவர்னர். அறைக் கதவருகே சாவிக்கொத்தோடு நிற்பவருக்கு அங்கே பழைய பெயர் வார்டர். வார்டன் வேறு, வார்டர் வேறு.

இந்தியச் சிறைகள் பிரிட்டிஷ் வழியில் அமைந்தவை. மேலே கண்காணிப்பாளர், அவருக்குக் கீழே ஜெயிலர், கடைசியில் வார்டர். கைதிகளில் நன்னடத்தை உள்ளவர்களையே வார்டர் ஆக்கும் வழக்கமும் இருந்தது. 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் அதற்குத் தனிப் பிரிவே வைத்தது. ஆனால் தமிழ்ப் பேச்சிலும் செய்தியிலும் வார்டர் என்ற சொல் நிற்கவில்லை. ஹாஸ்டலில் ஏற்கெனவே காதுக்குப் பழகியிருந்த வார்டன் அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. அதனால் ‘சிறை வார்டன் சஸ்பெண்ட்’ என்று வந்தால் அது அநேகமாக ஒரு சிறைக் காவலர். அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்த்து ‘வார்டன் ராஜினாமா’ என்று போட்டால் அங்கே போனது சிறையின் தலைவர். ஒரே சொல்லுக்கு இடையே பல படிநிலை வித்தியாசம்.

காட்டு வார்டனின் பழைய எஜமானர்

சரி, புலிக்கு வருவோம். நார்மன் மன்னர்கள் இங்கிலாந்தில் பெரும் நிலப்பரப்புகளை ‘ஃபாரஸ்ட்’ என்று அறிவித்தார்கள். அன்று அந்தச் சொல்லுக்கு மரம் அடர்ந்த இடம் என்று பொருளில்லை. மன்னனின் வேட்டைக்கென்று தனிச் சட்டம் செல்லும் நிலம், அவ்வளவுதான். அங்கே மான்களைப் பார்த்துக்கொண்டவர்களில் வார்டன்களும் உண்டு. பசித்த குடியானவன் மானைத் தொட்டால் தண்டனை பயங்கரம். மானுக்காக யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று 1217-ஆம் ஆண்டின் வனச் சாசனம் எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். மானைக் காத்தது மானுக்காக அல்ல. ராஜா வந்து அடிக்கும்வரை அது உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக.

அந்த மனப்போக்கு நீலகிரிக்கும் ஏறி வந்தது. 1877-இல் அங்கே வேட்டைப் பிரியர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1879-இல் வேட்டை விலங்குகளையும், வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீன்களையும் பாதுகாக்கச் சட்டம் வந்தது. கண்டபடி சுட்டுத் தீர்த்துவிட்டால் அடுத்த பருவத்துக்கு என்ன மிஞ்சும் என்ற கவலைதான் காரணம். அதே சங்கம் இன்று காட்டுயிர், சுற்றுச்சூழல் சங்கமாகப் பெயர் மாறியிருக்கிறது.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. வார்டன் என்ற பதவிப் பெயரை மட்டும் விடவில்லை. மன்னன் போய் சட்டமே எஜமானன் ஆயிற்று. அதன்படி:

1. ஒவ்வொரு மாநில அரசும் ஒரு முதன்மை வன உயிரினக் காப்பாளரை நியமிக்க வேண்டும்.

2. முதல் அட்டவணையில் உள்ள விலங்கு (புலி, யானை போன்றவை) மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது தேறவே முடியாத அளவுக்கு நோயுற்றோ ஊனமுற்றோ இருக்கிறது என்று அவருக்குத் திருப்தியாகத் தெரிந்தால் மட்டும், 11-வது பிரிவின்படி காரணம் எழுதி அனுமதி கொடுக்கலாம்.

3. பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, இடம் மாற்றவோ வழியே இல்லை என்ற நிலை வந்தாலொழிய கொல்ல உத்தரவிடக் கூடாது.

4. இந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குள் உயிரோடு பிடிப்பதும் அடங்கும்.

நான்காவது வரிதான் செய்தித் தலைப்புகளில் காணாமல் போகும். ‘வேட்டையாட உத்தரவு’ என்றதும் துப்பாக்கிதான் கண்ணில் தெரிகிறது. சட்டத்தின் கணக்கில் கூண்டு வைப்பதும் வேட்டையே, அதற்கும் அந்தக் கையெழுத்து வேண்டும். டி23 விஷயத்தில் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. உடனே கொன்றுவிட வேண்டாம் என்று நீதிமன்றம் சொன்னது. அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் புலியை உயிரோடு பிடித்து, மைசூருவில் உள்ள மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஆக, அந்த அதிகாரி புலியின் வக்கீல் இல்லை, ஊராரின் வக்கீலும் இல்லை. எந்த விலங்கை யார் எப்போது தொடலாம் என்ற வாசலில் நிற்பவர். திறக்கும் அதிகாரம் இல்லாதவரிடம் பூட்டைக் கொடுத்து என்ன பயன்?

ஹாஸ்டல் வார்டன் கார்டியன் ஆவாரா?

கல்லூரி விடுதி விண்ணப்பத்தில் பெற்றோர் பெயர், ‘லோக்கல் கார்டியன்’ பெயர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். கடைசியில் வார்டன் கையெழுத்து. ஒரே சொல்லின் இரு வடிவங்களும் ஒரே தாளில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் சட்டத்தில் இரண்டும் ஒன்றல்ல. கார்டியன் என்பது அந்தப் பிள்ளையோடு உள்ள உறவு, பிள்ளைக்காக முடிவெடுக்கும் உரிமை. வார்டன் என்பது ஒரு கட்டடத்தோடும் ஒரு வேலையோடும் வருகிற பொறுப்பு. மாற்றல் உத்தரவு வந்தால் அதுவும் மாறிவிடும்.

உரிமை குறைவு என்பதால் பொறுப்பு குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குழந்தையை நடைமுறையில் தன் பொறுப்பில் வைத்திருப்பவரையும், குழந்தைகள் நலக் குழுவோ சிறார் நீதி வாரியமோ ஏற்றுக்கொண்டால், கார்டியன் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. போக்சோ சட்டத்தின் 5-வது பிரிவு இன்னும் கூர்மையானது. சிறை, கூர்நோக்கு இல்லம், காப்பகம், கல்வி நிறுவனம், மருத்துவமனை ஆகியவற்றின் பணியாளர் செய்யும் பாலியல் வன்முறையைச் சாதாரணக் குற்றத்தைவிடக் கடுமையானதாக அது வைக்கிறது. கைதியைப் பூட்டி வைக்கும் இடமும் பிள்ளையைப் பராமரிக்கும் இடமும் அந்தப் பிரிவில் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. உள்ளே இருப்பவர் சாவி வைத்திருப்பவரை மீறி வெளியே வர முடியாது என்பது இரண்டுக்கும் பொது.

தமிழில் எதைப் போடுவது?

அரசு விடுதிகளில் ‘காப்பாளர்’, ‘காப்பாளினி’ என்று நிலைத்துவிட்டது. அருங்காட்சியகத்தில் ‘காப்பாட்சியர்’. சிறையில் ‘காவலர்’. படிவங்களில் கார்டியனுக்குப் ‘பாதுகாவலர்’. எல்லாமே ‘கா’ என்ற ஓரெழுத்து வினையின் பிள்ளைகள். ஆங்கிலச் சொல்லின் இரட்டைத் தன்மை அப்படியே தமிழிலும் இருப்பதுதான் வேடிக்கை. வயலுக்குக் காவல் போடுகிறோம், குற்றவாளியைக் காவலில் வைக்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘பாடிகாவல்’ ஊரைக் காக்கும் உரிமை, அதற்காக ஊர் கட்டிய வரியும் அதே பெயரில்தான். தேர்தல் முடிந்து புது அமைச்சரவை வரும்வரை இருப்பதைக் ‘காபந்து அரசு’ என்கிறோம், அதுவும் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. வன அதிகாரி என்றால் ‘காப்பாளர்’ என்று எழுதிவிட்டு, ‘வேட்டை’ என்ற இடத்தில் ‘பிடிக்கவோ சுடவோ’ என்று இரண்டு சொல் கூடுதலாகப் போடலாம். சிறைச் செய்தி நம் ஊருடையது என்றால் ‘சிறைக் காவலர்’, அமெரிக்காவுடையது என்றால் ‘சிறைத் தலைமை அதிகாரி’. ஹாஸ்டலுக்கு மட்டும் வார்டனை வார்டனாகவே விட்டுவிடலாம். காப்பாளர் என்று பலகையில் எழுதியிருக்கும் விடுதியிலும், மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் கிசுகிசுப்பது ‘டேய், வார்டன் வர்றாரு’ என்றுதான்.